கீழாநெல்லிக்கு முதலாளி யார்?

பௌர்ணமி அன்று கிரிவலம் வருகிறவர்கள் பாதித் தூரம் நடந்து அடி அண்ணாமலைக்கு வரும்போது கால் லேசாகக் கடுக்க ஆரம்பித்திருக்கும். சரியாக அந்த இடத்தில்தான் ரோட்டோரம் சாக்கு விரித்து மூலிகைப் பொடிப் பாக்கெட்டுகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, கீழாநெல்லி... எதைத் தொட்டாலும் ஒரு வியாதி தீரும்! சில பாக்கெட்டுகளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: "அமெரிக்க விஞ்ஞானிகளால் நிரூபிக்கப்பட்டது."

"இது நெசந்தானா டாக்டர்?" என்று பாக்கெட்டும் கையுமாக என்னிடம் வருகிறவர்கள் உண்டு.

எல்லா மூலிகையையும் பேச இங்கே இடம் போதாது. கீழாநெல்லியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்தப் பாக்கெட் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்க விஞ்ஞானிகள் கீழாநெல்லியை ஆராய்ந்தது நிஜம். நிரூபித்தார்களா என்றால், இல்லை. ஏன் இன்றுவரை அது இரண்டில் ஒன்றாகத் தீரவில்லை என்று கேட்டால், பதிலில் மருத்துவம் கொஞ்சம்தான் இருக்கும்; பணக்கணக்குதான் அதிகம்.

வரப்போரத்துச் செடிக்கு வந்த வாழ்வு

கீழாநெல்லி யாரும் விதைக்காமல் முளைக்கிற பூண்டு. வயல் வரப்பில், கிணற்றடியில், ஒரு மழை பெய்தால் வாசற்படி இடுக்கில்கூடத் தலைகாட்டும். இலைக்கு அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டிக் காய்கள். அதனால்தான் கீழ்க்காய் நெல்லி என்று பெயர். வேரோடு பிடுங்கிக் கழுவி அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்து, உப்பில்லாப் பத்தியம் சொல்வது நம் வீடுகளில் பாட்டி காலத்துப் பழக்கம்.

இந்தச் செடி 1980-களில் கடல் கடந்து போனது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஃபாக்ஸ் சேஸ் புற்றுநோய் மையம் இருக்கிறது. அங்கே இருந்தவர் பரூக் ப்ளம்பெர்க். ஹெபடைடிஸ்-பி என்ற கல்லீரல் வைரஸைக் கண்டுபிடித்து, 1976-ல் நோபல் பரிசு வாங்கிய மனிதர். அவரும் சகாக்களும் கீழாநெல்லிச் சாற்றைச் சோதனைக் குழாயில் அந்த வைரஸோடு மோதவிட்டுப் பார்த்தார்கள். வைரஸ் பெருகுவதற்குத் தேவையான ஒரு நொதியின் வேலையைச் சாறு தடுத்தது. இதே குடும்பத்து வைரஸ் தாக்கிய, அணில் இனத்து அமெரிக்கப் பிராணி ஒன்றுக்கும் கொடுத்துப் பார்த்து, 1987-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

அடுத்து மனிதர்கள். அந்த வேலை நடந்தது நம்ம சென்னையில்! சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைடிஸ்-பி வைரஸை ரத்தத்தில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி கொடுத்தார்கள். வேளைக்கு 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். இன்னொரு பிரிவினருக்கு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் வெறும் பொடி. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. நூற்றுக்கு 59! வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகப் புகழ் பெற்ற 'லான்செட்' பத்திரிகையில் 1988-ல் இது வெளிவந்தது.

நான் அப்போது பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி மாணவன். ஹாஸ்டலில் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் காலர் தூக்கிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். "பார்த்தியா, லான்செட்டே ஒத்துக்கிட்டான்!"

பாக்கெட்டில் அச்சடிக்கிறவர்கள் கதையை இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. தாய்லாந்தில் இதே சோதனையைச் செய்தவர்கள், வைரஸ் மறையவில்லை என்று 1990-ல் அதே லான்செட்டில் எழுதினார்கள். 1994-ல் பம்பாயிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் அதே பதில்தான் வந்தது.

அப்படியானால் சென்னை முடிவு தவறா? அவசரப்பட்டுச் சொல்ல முடியாது. கீழாநெல்லிக்கு அச்சில் வார்த்த மாதிரி அண்ணன் தம்பிச் செடிகள் பல. ஒன்று மற்றொன்றோடு கலந்துவிடும். எந்த மண்ணில் விளைந்தது, எந்த மாதத்தில் பறித்தது, எப்படி உலர்த்தினார்கள் என்பதைப் பொறுத்தும் சத்து மாறும். வியாதிக்காரர்களும் ஒரே மாதிரி இல்லை. குழந்தையிலேயே வைரஸ் வந்தவர் வேறு, வாலிபத்தில் வந்தவர் வேறு. இன்னொரு பக்கம், 60 பேரை வைத்துச் செய்த சோதனையில் அதிர்ஷ்டமும் விளையாடலாம். இத்தனை சந்தேகத்தையும் தீர்க்க ஒரே வழிதான் உண்டு. செடியைச் சரியாக இனம் கண்டு, ஒரே தரத்தில் மருந்து செய்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பல ஊர்களில் கொடுத்து, வருஷக்கணக்கில் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பல கோடி ரூபாய் வேண்டும். யார் போடுவார்கள்?

சொந்தக்காரன் இல்லாத சரக்கு

ஃபாக்ஸ் சேஸ் மையம் சும்மா இருக்கவில்லை. கீழாநெல்லிச் சாற்றை ஹெபடைடிஸுக்கு மருந்தாக்கும் முறைக்கு 1987-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டது. (நம் பாட்டிமார்கள் யாரும் விண்ணப்பம் போடவில்லை, என்ன செய்வது!) ஆனால் காப்புரிமை இருந்தால் மட்டும் போதுமா? சென்னையில் வேலை செய்ததாகச் சொல்லப்பட்டது வெறும் உலர்ந்த பொடி. வரப்பில் பிடுங்கி, நிழலில் காய வைத்து, இடித்து யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். கோடிகளைக் கொட்டி நிரூபித்த பிறகு, ஜனங்கள் கடைக்கு வராமல் தோட்டத்துக்குப் போய்விட்டால் போட்ட முதல் எப்படித் திரும்பும்? எந்தக் கம்பெனி முதலாளியும் முதலில் கேட்கிற கேள்வி அது. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதே ப்ளம்பெர்க்கும், இர்விங் மில்மன் என்ற சகாவும் 1969-ல் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசிக்கு வழி கண்டுபிடித்தார்கள். அதற்கும் காப்புரிமை. அதை மெர்க் கம்பெனி வாங்கி, பணம் போட்டு, சோதனைகள் நடத்தியது. 1981-ல் ஊசி சந்தைக்கு வந்தது. பிறகு சிகிச்சைக்கு இன்டர்பெரான் ஊசி 1992-ல், லாமிவுடின் மாத்திரை 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரன் இருந்தான். அதனால் இவை எவ்வளவு வேலை செய்யும், எங்கே செய்யாது என்று உலகத்துக்கே தெளிவாகத் தெரியும்.

கீழாநெல்லி விஷயத்தில் தெளிவு இல்லை. கீழாநெல்லி இனத்துச் செடிகளை வைத்து நடந்த 16 சோதனைகளை 2011-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு அலசிப் பார்த்தது. பெரும்பாலானவை தரத்தில் குறைவு, நம்பும்படியான ஆதாரம் இல்லை, ஒழுங்கான பெரிய சோதனை வேண்டும் என்பது அதன் முடிவு. லான்செட் கட்டுரைக்கு 23 வருஷம் கழித்தும் இதே நிலை!

வியாபாரம் ஆராய்ச்சியைக் கெடுக்கிறது என்றால், விஞ்ஞானியின் பாக்கெட்டில் யாரோ கவர் திணிப்பதாகத்தான் நாம் கற்பனை செய்கிறோம். அதுவும் எங்கேயாவது நடக்கலாம். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது, எதைக் கேட்காமல் விடுவது என்று பணம் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறதே, அதுதான் பெரிய பாதிப்பு. கேட்காத கேள்விக்குப் பதில் எங்கே இருந்து வரும்?

கேள்வி கேட்கப்பட்ட பிறகும் பணத்தின் செல்வாக்கு விடுவதில்லை. கம்பெனிப் பணத்தில் நடந்த மருந்துச் சோதனைகளையும் மற்றவற்றையும் ஒப்பிட்டு, கம்பெனிப் பணம் புழங்கிய இடத்தில் கம்பெனிக்குச் சாதகமான முடிவு கூடுதலாக வருகிறது என்று 2017-ல் காக்ரேன் ஆய்வு சொன்னது. பொய் எழுதாமலே இது நடக்கும். புது மருந்தை, அளவு குறைத்துக் கொடுத்த பழைய மருந்தோடு போட்டியிட விடலாம். சாதகமாக வந்ததை அச்சேற்றி, பாதகமாக வந்ததை அலமாரியில் பூட்டலாம். அமெரிக்கச் சர்க்கரை ஆலைக்காரர்களின் சங்கம் 1960-களில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது. மாரடைப்புக்குக் கொழுப்புதான் காரணம், சர்க்கரையின் பங்கு பெரிதல்ல என்கிற தோரணையில் ஒரு கட்டுரை 1967-ல் பெரிய பத்திரிகையில் வந்தது. பணம் கொடுத்தது யார் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி 2016-ல்தான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். ஐம்பது வருஷம்!

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. கேரளாவில் காசர்கோடு மாவட்டத்து அரசு முந்திரித் தோட்டங்களில் 2000-ம் வருஷம் வரை, இருபது வருஷத்துக்கு மேல், ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் பூச்சிமருந்து தெளித்தார்கள். பத்ரே கிராமத்து மக்களின் ரத்தத்திலும் அங்கிருந்த தண்ணீரிலும் அந்த விஷம் இருப்பதாக 2001-ல் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சொன்னது. உடனே தோட்டத்தை நடத்திய தோட்டக் கழகம் தன் செலவில் இன்னொரு ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது. செய்தவர்கள் நம்ம சென்னைக்குப் பக்கத்தில் படப்பையில் இருந்த ஒரு ஆய்வு நிறுவனத்தார். ரத்தத்தில் விஷம் இல்லை என்று அறிக்கை வந்தது. ஒரே ஊர், இரண்டு பதில்! மாதிரி எடுத்த நாளும் முறையும் வேறு என்று வாதம் நடந்தது. பிறகு அகமதாபாத்தில் உள்ள மத்திய அரசின் தொழில்சார் சுகாதார நிறுவனம் போய்ப் பார்த்து, அந்த ஊர்ப் பையன்கள் பருவமடைவது தாமதப்படுகிறது என்பதை 2003-ல் வெளியிட்டது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் எண்டோசல்பானுக்குத் தடை போட்டது. விஷம் தெளித்தவரே சோதனைக்கும் பணம் கொடுத்தால், அந்த அறிக்கையை எந்தத் தாய் நம்புவாள்?

நம் வீட்டுக் கதை

இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிகளைத் திட்டினால் எங்கள் ஆட்கள் கைதட்டுவார்கள். அதனால் நம் பக்கத்துக்கும் வருவோம்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மூலிகைக் கம்பெனிப் பிரதிநிதி என் வைத்தியசாலைக்கு வந்தார். பெயர் வேண்டாம். மஞ்சள் காமாலைக்குப் புது மாத்திரை. "அம்பது பேருக்குக் குடுங்க சார், மாத்திரை ஃப்ரீ. நல்லா குணமான ஒரு முப்பது பேரோட ரிப்போர்ட் மட்டும் எழுதிக் குடுங்க. உங்க பேரோட பத்திரிகையில வரும். கவனிச்சுக்கிறோம்" என்றார்.

"மீதி இருபது பேரு?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு சார்!"

காபி கொடுத்து அனுப்பிவைத்தேன். ஆனால் இந்த ஊரில் வைத்தியர் நான் ஒருவன்தானா?

காமாலை மருந்து விற்பது ஏன் சுலபம் தெரியுமா? நம் ஊரில் குழந்தைகளுக்கு வருகிற காமாலையில் பெரும்பங்கு ஹெபடைடிஸ்-ஏ. அசுத்தமான தண்ணீரால் வருவது. பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் எதைக் கொடுத்தாலும் கொடுத்தவருக்குப் பேர்! மந்திரித்தவருக்கும் பேர், மாத்திரை கொடுத்தவருக்கும் பேர். இப்படிப்பட்ட வியாதியில் "ஆயிரம் பேர் குணமானார்கள்" என்பது ஆராய்ச்சி ஆகாது. மருந்து சாப்பிடாத ஆயிரம் பேர் எத்தனை நாளில் குணமானார்கள் என்றும் சொன்னால்தான் கணக்கு முழுசாகும்.

கொரோனா காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள். 2020 ஜூன் 23 அன்று பதஞ்சலி நிறுவனம் 'கொரோனில்' என்று ஒரு மருந்தை, கொரோனாவைக் குணப்படுத்தும் என்று சொல்லி அறிமுகம் செய்தது. ஆதாரம் என்று காட்டிய சோதனையில் இருந்தவர்கள் நூறு பேருக்குள். அதுவும் லேசான தொந்தரவு உள்ளவர்கள். அதாவது, பெரும்பாலும் தானாகவே தேறக்கூடியவர்கள்! அன்றைக்கே ஆயுஷ் அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்து, விவரத்தைக் கொடு என்றது. அந்த நிறுவனத்தின் விளம்பரங்களுக்காக 2024-ல் சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டு, பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்க வைத்ததும் நீங்கள் படித்ததுதான்.

எங்கள் துறையில் இன்னொரு சௌகரியம் உண்டு. பழைய நூல்களில் சொன்ன முறைப்படி மருந்து செய்தால், புதிதாக மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதித்துக் காட்டச் சொல்லிச் சட்டம் கேட்பதில்லை. அனுபவத்துக்குத் தருகிற மரியாதை என்ற முறையில் அதை நான் வரவேற்கிறேன். ஆனால் மரியாதையைக் கேடயமாக்கி அதன் பின்னால் ஒளிந்துகொண்டு லேபிளில் மட்டும் "விஞ்ஞானம்" என்று போடுவது எந்த ஊர் நியாயம்? விஞ்ஞானம் வேண்டுமென்றால் இருபது பேரின் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

வியாபாரம் என்றாலே கெட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தபோது, விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஹைதராபாத் சாந்தா பயோடெக்னிக்ஸ் என்ற தனியார் நிறுவனம் 1997-ல் உள்நாட்டிலேயே செய்து இறக்கியது. விலை மளமளவென்று விழுந்தது. 2011-க்குள் நாடு முழுவதும் அரசாங்கமே குழந்தைகளுக்கு இலவசமாகப் போட ஆரம்பித்தது. லாபம் சம்பாதித்தார்கள், ஊருக்கும் நல்லது நடந்தது. எங்கே லாபமும் ஜனங்களின் தேவையும் ஒரே திசையில் போகிறதோ அங்கே பிரச்னை இல்லை. கீழாநெல்லி போல, லாபம் இல்லாத தேவைகளுக்குத்தான் அரசாங்கப் பணமும் பல்கலைக்கழகப் பணமும் வர வேண்டும். சென்னையில் 1988-ல் ஆரம்பித்த வேலையை முழுசாக முடித்து, ஆம் அல்லது இல்லை என்று ஒரு பதில் சொல்லியிருந்தால், இன்றைக்கு என்னைப் போன்ற வைத்தியனுக்கு எவ்வளவு நிம்மதி!

சரி, பேப்பரில் "ஆராய்ச்சியில் நிரூபணம்" என்று செய்தி வந்தால் வாசகர்கள் என்ன செய்வது? பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள். எத்தனை பேரிடம் பார்த்தார்கள், எதோடு ஒப்பிட்டார்கள் என்று தேடுங்கள். வேறு ஊரில், வேறு ஆட்கள் செய்தும் அதே முடிவு வந்ததா என்பது ரொம்ப முக்கியம். நம் நாட்டில் மனிதர்களிடம் செய்யும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007-ல் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். பணம் யாருடையது என்பதும் அதில் இருக்கும், காசில்லாமல் யாரும் பார்க்கலாம். காலேஜ் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுக்கும். பாக்கெட்டில் போட்ட சோதனை அதில் இல்லவே இல்லை என்றால்... நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தெளிவில்லாத பதிலால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சமீபத்தில் ஒரு மாமியார், ஏழு மாதக் கர்ப்பிணி மருமகளை அழைத்துக்கொண்டு வந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் ஹெபடைடிஸ்-பி இருந்திருக்கிறது.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க ஐயா. மாத்திரை, ஊசின்னு பயமா இருக்கு. கீழாநெல்லிதான் அமெரிக்காவுல நிரூபிச்சிருக்காமே, நீங்களே குடுத்துடுங்க. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது இல்ல?"

இந்த அம்மாவிடம் லான்செட் கதையா சொல்ல முடியும்? "அம்மா, இந்த வைரஸைக் கீழாநெல்லி ஓட்டிடும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. புள்ளையைக் காப்பாத்துறதுக்கு நிச்சயமான வழி ஒண்ணு இருக்கு. அதை விட்டுடாதீங்க" என்றேன்.

அந்த வழியை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து இந்த வைரஸ் பிள்ளைக்குத் தொற்றினால், பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுசுக்கும் தங்கிவிடும். பிற்காலத்தில் கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரை போகலாம். வளர்ந்த பிறகு தொற்றினால் அப்படித் தங்குவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அதனால் பிறந்த அந்த முதல் நாள்தான் முக்கியம். தடுப்பூசியின் முதல் தவணையை 24 மணி நேரத்துக்குள் போட வேண்டும். தாய்க்கு வைரஸ் இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற இன்னொரு ஊசியும் சேர்த்து, கூடுமானால் 12 மணி நேரத்துக்குள். அதனால் இப்படிப்பட்டவர்களுக்குப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் ஆக வேண்டும். தாயின் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் டெனோபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். பிறகு 6, 10, 14-வது வாரங்களில் மற்றத் தவணைகள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது. ஆனால் ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ் தனியாக இருக்கட்டும். புருஷனுக்கும், பெரிய குழந்தை இருந்தால் அதற்கும் ரத்தம் பார்த்துவிட வேண்டும். பரிசோதனையும் மருந்தும் 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசம்.

திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். மாமியார் முந்தானையில் முடிந்துகொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி, "அப்ப இந்தக் கீழாநெல்லிப் பாக்கெட்டை என்னாங்க பண்றது?" என்றார். கர்ப்ப காலத்தில் கண்ட பொடியும் வேண்டாம், அதில் என்ன செடி கலந்திருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது என்றேன். பாக்கெட்டை என் மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார். பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வேறு ஏதோ இலை.